முகத்தில் திரும்பத் திரும்ப வரும் தடிப்பு: அடக்குவதும் தடுப்பதும்



இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் முகத்தோல். "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று சிலர் கேட்கலாம். மூக்கோரம், புருவம், நெற்றி என்று சிவந்து, செதில் உதிர்ந்து, அரித்து, ஒரு மாதம் அடங்கி, மறுபடியும் எட்டிப்பார்க்கும் தடிப்பு உள்ளவங்களைக் கேட்டுப் பாருங்க. குழுப் படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போயிடுவாங்க. விழாவில் தொண்டு செய்யக் கூப்பிட்டால், ஆட்கள் முகம் பார்க்காத வேலையாகக் கேட்பாங்க. யாராவது "முகத்துக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

நான் பொறியியல் படிக்கிறேன், மருத்துவம் இல்லை. துவாஸில் வேலைப்பயிற்சி செய்கிறேன். எனக்கும் ரெண்டு வருஷமாக மூக்கோரத்தில் இந்தத் தொல்லை உண்டு. தோல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதையும், துவாஸில் பார்த்ததையும் சேர்த்து இந்தப் பாடத்தை எழுதியிருக்கிறேன். மருந்தை முடிவு செய்வது உங்கள் மருத்துவர். அவரிடம் போகும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் நாமே என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பாடம்.

1. திரும்பி வருவது தோல்வி இல்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றிப் போடுவோம். "மருந்து போட்டேன், போச்சு, மறுபடி வந்துடுச்சு, அப்போ மருந்து சரியில்லை" என்று நினைத்து டாக்டரை மாற்றுகிறோம், கிரீமை மாற்றுகிறோம். முகத்தில் வரும் பல தடிப்புகளின் இயல்பே வந்து வந்து போவதுதான். அவற்றை ஒரேயடியாக ஒழிப்பது கடினம். அடக்கி வைப்பது முடியும்.

பட்டறையில் ரெண்டு வகைப் பராமரிப்பு இருக்கு. இயந்திரம் பழுதானபின் சரிசெய்வது ஒன்று. பழுதாகாமல் இருக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் போட்டு, துடைத்து, சோதிப்பது இன்னொன்று. முகத்தடிப்புக்கு நாம் முதல் வகையை மட்டும் செய்கிறோம். சிவந்தால் கிரீம், அடங்கினால் மறதி. அடங்கியிருக்கும் நாளில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை சீக்கிரம் வருமா, தள்ளி வருமா என்பது இருக்கும்.

2. எந்தத் தடிப்பு?

எல்லாம் 'அலர்ஜி' இல்லை. அடிக்கடி பார்க்கும் நான்கு வகைகள்:

*செபோரிக் டெர்மடைட்டிஸ்.* மூக்கோர மடிப்பு, புருவம், காதின் பின்புறம், தலை ஆகிய எண்ணெய்ப் பசை உள்ள இடங்களில் சிவப்பும் மஞ்சள் கலந்த செதிலும் வரும். கூடவே பொடுகு இருக்கும். நம் எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்டுக்கு இதில் பங்கு உண்டு. 1874-இல் பொடுகுச் செதிலில் இதைக் கண்டு விவரித்த பிரெஞ்சு அறிவியலாளர் லூயி-சார்ல் மலாசே பெயரைத்தான் பிறகு இதற்கு வைத்தார்கள். தோல் சுரக்கும் எண்ணெயைத் தின்று இது வாழ்கிறது. அப்போது வெளியாகும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை எரிச்சலூட்டும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அழுக்காக இருப்பதால் வருவதும் இல்லை.

*தொடு ஒவ்வாமை.* தோலில் பட்ட ஏதோ ஒரு பொருளால் வருவது. பட்ட உடனே வராது. பல நேரம் ஒரு நாள், ரெண்டு நாள் கழித்துத்தான் வரும். அதனால்தான் குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் திணறுகிறோம்.

*ரோசேஷியா.* கன்னமும் மூக்கும் சிவந்து சூடாகும். வெயில், காரம், சுடச்சுடத் தேநீர் எல்லாம் தூண்டும். மாநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது என்பதால் பருவென்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

*வாயைச் சுற்றி வரும் தடிப்பு.* சின்னச் சின்னப் பொரிகளாக வாயோரத்தில் வரும். ஸ்டீராய்டு கிரீம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதைப் பற்றி கீழே தனியாகவே பார்ப்போம்.

3. துவாஸ் முகத்தை என்ன செய்கிறது?

சிங்கப்பூரின் மேற்கு முனை துவாஸ். கப்பல் பட்டறை, துறைமுகம், ரசாயன ஆலை, எரியாலை எல்லாம் அங்கே. நம்மைச் சேர்ந்த அண்ணன்மார் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்கள் முகம் ஒரு நாளில் எதையெல்லாம் தாங்குகிறது என்று பாருங்க.

ஒன்று, வெயில். நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறோம். நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும் நாட்கள் உண்டு. வெல்டிங் தீப்பொறி ஒளியிலும் புற ஊதாக்கதிர் இருக்கு.

ரெண்டு, வியர்வை. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். ஹெல்மெட் பட்டைக்குள்ளும் முகமூடிக்குள்ளும் வியர்வை காயவே காயாது.

மூன்று, சுவாச முகமூடி. அது முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும் என்பதால் தினமும் மழிக்க வேண்டும். மழித்த தோல்மேல் ரப்பர் விளிம்பு எட்டு மணி நேரம் உரசும்.

நான்கு, காற்றில் வருபவை. கப்பலுக்கு அடிக்கும் ரெண்டு பாகப் பெயின்ட்டில் எபாக்ஸி ரெசினும் ஹார்டனரும் இருக்கு. கையுறை போட்டிருந்தாலும் ஆவி கண்ணிமையில் படியலாம். இமை வீங்கிச் சிவந்தால் அதைச் சந்தேகிக்கணும். சிமெண்டில் இருக்கும் குரோமியமும் ஒவ்வாமை தரக்கூடியது.

ஐந்து, தூக்கம். இரவு வேலை மாறி மாறி வரும்போது தூக்கம் கெடும். தூக்கக் குறைவும் மன அழுத்தமும் செபோரிக் தடிப்பைக் கிளப்பும்.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் நீண்ட விடுமுறையிலும் முகம் தெளிந்து, வேலைக்குப் போன ரெண்டு மூன்று நாளில் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் காரணம் வேலையிடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். முகமூடியைக் கழற்றிவிடுவது வழியல்ல, நுரையீரல் முகத்தைவிட முக்கியம். வேலை முடிந்ததும் ரப்பர் விளிம்பை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, தூசி படாமல் பையில் வையுங்க. முகத்துக்கு ஈரப்பதக் கிரீமை வேலைக்கு அரை மணி நேரம் முன்பே தடவி ஊறவிடுங்க. கொழகொழப்பு இருந்தால் முகமூடி சரியாக ஒட்டாது.

4. நெற்றியில் இடுபவை

இது நம் பிள்ளைகள் கேட்கத் தயங்கும் கேள்வி. குங்குமம், விபூதி, சந்தனம் இவற்றால் தடிப்பு வருமா? சிலருக்கு வரும். சொல்வதில் தவறு இல்லை.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது பழைய குங்குமம். கடையில் கிடைக்கும் பலவற்றில் செயற்கைச் சிவப்புச் சாயமும் வாசனைப் பொருளும் சேர்ந்திருக்கும். இது சிங்கப்பூரிலேயே ஆராயப்பட்ட விஷயம். 1986-இல் இங்குள்ள தோல் மருத்துவர் கோ சீ லியோக், ஜப்பானிய மருத்துவர் கோசுகாவுடன் சேர்ந்து, குங்குமத்தால் வரும் கருந்திட்டு ஒவ்வாமை பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அரிப்பு பெரிதாக இல்லாமலே பொட்டு வைக்கும் இடம் மெல்ல மெல்லக் கறுத்துப் போகலாம். 'திருஷ்டி', 'வெயில்' என்று அதை விட்டுவிடக் கூடாது. ஒட்டுப் பொட்டு இன்னொரு விதம். அதன் பசையில் இருக்கக்கூடிய ஒரு ரசாயனம் சிலருக்கு அந்த இடத்தை வெளுக்க வைக்கும்.

அதற்காக நெற்றியை வெறுமையாக விடணுமா? வேண்டாம்.

- சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கும்போது என்ன சேர்த்திருக்கிறது என்று கேளுங்க. பளீரென்ற நிறமும் தூக்கலான வாசனையும் இருந்தால் ஒதுக்குங்க.
- புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை உட்பக்கம் தினம் ரெண்டு தடவை, ஏழு நாள் தடவிப் பாருங்க. சிவக்கவில்லை என்றால் நெற்றிக்கு வரட்டும்.
- இரவு படுக்கும் முன் நெற்றியைக் கழுவுங்க.
- தடிப்பு கிளம்பியிருக்கும் நாட்களில் மார்பிலோ தோளிலோ கையிலோ விபூதி இட்டுக்கொள்ளலாம். அங்கெல்லாம் இடும் வழக்கம் நம்மிடம் உண்டு.

எண்ணெய்க் குளியல் பற்றியும் ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் சிலருடைய வறண்ட தோலுக்கு நல்லது. ஆனால் செபோரிக் தடிப்பும் பொடுகும் இருப்பவர்கள் இரவெல்லாம் தலையில் எண்ணெயை ஊறவைத்தால் அது நெற்றிக்கும் புருவத்துக்கும் இறங்கும். மலசீசியாவுக்கு அது விருந்து. பாட்டி மனசு நோகாமல், "குளிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தேய்ச்சுக்கிறேன் பாட்டி, ஷாம்பு போட்டு அலசிடுறேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

5. ரெண்டே நாளில் வெளுக்கும் கிரீம்

இந்தப் பாடத்திலேயே முக்கியமான பகுதி இது. துவாஸில் ஓர் அண்ணன், நாகப்பட்டினம் பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்னண்ணே போடுறீங்க?"

"ஊர்லேர்ந்து வர்றப்ப ஆறு டியூப் வாங்கியாந்தேன் தம்பி. போட்டா ரெண்டே நாள்ல முகம் பளிச்சுனு ஆயிடும். விட்டா ஒரே வாரத்துல முன்ன இருந்ததவிட மோசமா வருது. அதனால விடுறதே இல்ல."

"எவ்ளோ நாளா?"

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

தை மாசம் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முகம் நன்றாக இருக்கணும் என்றுதான் அந்த கிரீமை ஆரம்பித்தார். இப்போது வெயிலில் நின்றால் முகம் நெருப்பாக எரிகிறது. கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிகின்றன.

அந்த டியூபில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 1952-இல் ஹைட்ரோகார்ட்டிசோன் பூச்சு வேலை செய்வது தெரிந்தபோது தோல் மருத்துவமே மாறிப்போனது. சரியான வீரியத்தில், சரியான இடத்தில், டாக்டர் சொன்ன சில நாட்களுக்கு அது அருமையான மருந்து. ஆனால் முகத்தோல் மெல்லியது, மருந்தை வேகமாக உறிஞ்சும். குளோபெட்டசால் போன்ற வீரிய வகை, ஹைட்ரோகார்ட்டிசோனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலுவானது. அதை மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலியும், பரு வரும், ரோசேஷியா போலச் சிவக்கும். விட்டால் சீறிக்கொண்டு திரும்பும். அந்தச் சீற்றத்தைப் பழைய நோய் என்று நினைத்து மறுபடி அதையே போடுவோம். அபாயமணி அடிக்கும்போது கோளாறைத் தேடாமல் மணியின் ஒயரை வெட்டுவது மாதிரிதான் இது.

இந்தியாவில் இது எவ்வளவு பரவியது என்றால், தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்பது அந்தப் பெயரின் பொருள். அவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியபின், 2018-இல் பல ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று இந்திய அரசு அறிவித்தது. சிங்கப்பூரில் வீரிய வகைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். இருந்தாலும் இணையத்தில் விற்கும் 'மூலிகை' கிரீம்களில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

வாங்கும்முன் டியூபில் இந்தப் பெயர்கள் இருக்கா பாருங்க: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன். இவை இருந்தால் டாக்டர் சொல்லாமல் முகத்தில் வேண்டாம். பெயரே எழுதாத டப்பா என்றால் தொடவே வேண்டாம். ஏற்கனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் தானாகத் திடீரென்று நிறுத்தாமல், டியூபையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்க. எப்படி விடுவது என்பதை அவர் சொல்வார். முதல் சில வாரம் மோசமாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே போகணும்.

அந்த அண்ணனும் போனார். இப்போது மூன்றாவது மாசம். முகம் முழுசாக அடங்கவில்லை, எரிச்சல் மட்டும் குறைந்திருக்கிறது. "கல்யாண போட்டோவுல எப்படி இருப்பேனோ" என்ற கவலை இன்னும் இருக்கிறது.

6. தினசரி என்ன செய்வது?

1. *கழுவுதல்.* காலை ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று. வெதுவெதுப்பான அல்லது சாதா தண்ணீர் போதும். தோலின் அமிலத்தன்மை அளவு சுமார் 5. சாதாரணக் கட்டி சோப்பு 9, 10 வரை போகும். அதனால் வாசனையில்லாத, சோப்பு கலக்காத முகக் கழுவி நல்லது. தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்க.
2. *ஈரப்பதம்.* ஈரம் காயும்முன் வாசனையில்லாத கிரீம். "எண்ணெய் வழியும் முகத்துக்கு எதுக்கு?" என்று விடவேண்டாம். லேசான லோஷன் வகை போதும்.
3. *வெயில் காப்பு.* எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். வெளியில் இருந்தால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவணும். எரிச்சல் வருபவர்களுக்கு ஜிங்க் ஆக்சைடு வகை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.
4. *தலை.* செபோரிக் வகை என்று உறுதியானால், கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. வாரம் ரெண்டு முறை, ரெண்டு முதல் நாலு வாரம். நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு அலசணும். அடங்கியபின் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுவது மறுபடி வராமல் தடுக்கும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.
5. *மழித்தல்.* முடி வளரும் திசையிலேயே, கூர்மையான பிளேடால். ஆஃப்டர்ஷேவ் வேண்டாம்.
6. *தவிர்க்க வேண்டியவை.* எலுமிச்சை, பற்பசை, ஸ்க்ரப், சொறிதல்.

7. ஒரு நோட்டு, நாலு வாரம்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. நோய் என்ன, அது எதனால் வந்தது என்று பார்த்தபிறகே தணிக்கும் வழிக்குப் போகச் சொல்கிறார் வள்ளுவர். நாம் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம்.

தினமும் இரவு ரெண்டு நிமிடம் எழுதுங்க: தடிப்பு எவ்வளவு (0 முதல் 5), தூக்கம் எத்தனை மணி நேரம், வெயிலில் எவ்வளவு நேரம், வேலையில் எதைக் கையாண்டோம், முகத்தில் என்ன பட்டது. வாரம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் ஒரு படம். முக்கியமான விதி: ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. கிரீம், சோப்பு, ஷாம்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒவ்வாமை ஒரு நாள் தாமதித்து வரும் என்பதால் முந்தின ரெண்டு நாளையும் சேர்த்துப் படிக்கணும்.

8. எப்போது, எங்கே போவது?

முகமோ உதடோ வீங்கி மூச்சுத் திணறினால் உடனே 995. அன்றைக்கே பார்க்க வேண்டியவை: காய்ச்சலோடு சீழ் அல்லது மஞ்சள் பொருக்கு, கண்ணுக்கு அருகே ஒரு பக்கம் மட்டும் வலியோடு கொப்புளம். தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டியவை: கன்னத் தடிப்போடு மூட்டுவலியும் வாய்ப்புண்ணும், உணர்வு மரத்துப்போன வெளிர்த்திட்டு, நாலு வாரமாக அடங்காத தடிப்பு.

சிங்கப்பூர்வாசிகள் முதலில் பலதுறை மருந்தகம் போகலாம். தேவையென்றால் மண்டலே சாலையில் இருக்கும் தேசியத் தோல் நிலையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். 1988-இல் தொடங்கிய நிலையம் அது. துவாஸ் லிங்க்கிலிருந்து ரயிலில் சிட்டி ஹாலில் மாறி நொவீனாவில் இறங்கணும். ஒவ்வாமைப் பொருளைக் கண்டுபிடிக்கப் பட்டைச் சோதனை உண்டு. சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி, ரெண்டு நாள் கழித்து எடுத்து, மறுபடி ரெண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. அதற்கேற்ற வாரமாகத் தேதி கேளுங்க.

விடுதியில் தங்கும் அல்லது கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைகளில் வேலை செய்யும் வொர்க் பெர்மிட் ஊழியர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் முதலாளியே பிரைமரி கேர் பிளான் என்ற மருத்துவத் திட்டம் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊழியர் தருவது சிறு தொகைதான். இன்னொன்றும் அண்ணன்மாருக்குச் சொல்லுங்க. வேலையால் வரும் தோல் நோய், மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்று. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்திலும் அது வரும். "சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்ற பயத்தில் மறைத்து, டியூபைத் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம் கெட்டுப்போகிறார்கள்.

குழுவில் பேச

1. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் முக கிரீம்களை எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன நான்கு பெயர்களில் எது இருக்கிறது? யார், எவ்வளவு நாளாகப் போடுகிறார்கள்?
2. தொண்டுக் குழுவில் ஒருவர் முகத்தடிப்பால் ஒதுங்கி நிற்கிறார். "முகத்துக்கு என்னாச்சு?" என்று கேட்காமல் அவரை எப்படி உள்ளே அழைப்பீர்கள்?
3. கோயிலில் பொட்டு வைக்க வரும்போது ஒருவர் "எனக்கு ஒத்துக்காது" என்றால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
4. அடுத்த கூட்டத்துக்குள் துவாஸிலோ உங்கள் பேட்டையிலோ வேலை செய்யும் ஓர் அண்ணனிடம் ஐந்தாம், எட்டாம் பகுதிகளைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் என்ன கேட்டார் என்பதை எழுதி வாருங்கள்.